துருவங்கள் வெப்பமடைந்தால் பூச்சிகளும் சிலந்திகளும் பெருகுமா?

நிலவன் (கேள்வி):
பூச்சிகளின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது என்பதால், வெப்பம் கூடினால் அவை விரைந்து வளரும் என்று படித்திருக்கிறோம். அப்படியானால், உலகச் சராசரியைவிட வேகமாக வெப்பமடைந்துவரும் ஆர்க்டிக்கில் அவை பெருகத்தானே வேண்டும்? குறைந்துவருவதாகவும் சில கட்டுரைகள் சொல்கின்றன. எதை நம்புவது?

பனிச்சிலந்தி:
இரண்டையும் நம்பலாம். வடகிழக்கு கிரீன்லாந்தின் சாக்கன்பெர்க் ஆய்வு நிலையத்தில், விளிம்பு தரைமட்டத்தில் இருக்குமாறு கிண்ணங்களைப் புதைத்து, அவற்றில் விழும் பூச்சிகளையும் சிலந்திகளையும் 1996 முதல் கோடைதோறும் எண்ணி வருகிறார்கள். அங்குள்ள 'பார்டோசா கிளாசியாலிஸ்' என்னும் ஓநாய்ச் சிலந்தி வலை பின்னாது. தரையில் ஓடி இரை பிடிக்கும். பெண் சிலந்தி தன் முட்டைப்பையை வயிற்றின் பின்நுனியில் ஒட்டிக்கொண்டே திரிவதால், பையோடு சிக்கும் சிலந்திகளின் முட்டைகளை எண்ணிவிட முடிகிறது. பனி முன்கூட்டியே உருகும் ஆண்டுகளில், இச்சிலந்திகள் முதல் ஈட்டோடு (ஒரே தடவையில் இடும் முட்டைத் தொகுதி) நில்லாமல், முட்டை சற்றுக் குறைவான இரண்டாவது ஈட்டையும் இடுவது இவ்வாறுதான் தெரியவந்தது. ஆனால் அதே நிலையத்தில், வீட்டு ஈயின் குடும்பத்தைச் சேர்ந்த ஈக்கள் 1996க்கும் 2014க்கும் இடையே ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்துவிட்டன. தேனீக்கள் அரிதான அந்நிலத்தில் டிரையாஸ் என்னும் ஆர்க்டிக் செடியின் பூக்களுக்கு மகரந்தம் சுமப்பவை முக்கியமாக இந்த ஈக்களே என்பதால், இரண்டாவது ஈட்டைவிட இதுவே எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

மண்வாசி:
எண்ணிக்கையோடு நிறுத்திவிடக் கூடாது. அலாஸ்காவில் டூலிக் ஏரிப் பகுதியில் செயற்கையாகச் சூடேற்றிய நிலத்துண்டுகளில், ஓநாய்ச் சிலந்திகள் மிகுந்திருந்த இடங்களில், அவற்றுக்கு இரையாகும், பூஞ்சையைத் தின்னும் ஸ்பிரிங்டெயில்கள் (மண்ணில் வாழும் மிகச்சிறு ஆறுகால் உயிரிகள்) குறையவில்லை, கூடியிருந்தன. இலைதழையை மக்கச்செய்யும் பூஞ்சை குறைந்ததாலோ என்னவோ, மக்குவதும் மந்தமானது. ஸ்பிரிங்டெயில்கள் கூடியதற்கு, சிலந்திகள் வேறு இரைக்கோ தம்மினத்தையே தின்பதற்கோ மாறியது காரணமாக இருக்கலாம்.

தென்முனை:
கோடையை மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பும். அண்டார்க்டிகாவுக்கே உரிய ஒரே பூச்சியான 'பெல்ஜிகா அண்டார்க்டிகா', சில மில்லிமீட்டரே நீளமான, இறக்கையற்ற ஓர் ஈ. இரண்டாண்டு ஆயுளின் பெரும்பகுதியைப் புழுவாகவே கழித்து, குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும். இப்புழுக்களை ஆறு மாதம் வெவ்வேறு குளிரில் வைத்துப் பார்த்ததில், மைனஸ் 5 பாகையில் இருந்தவற்றைவிட மைனஸ் 1 பாகையில் இருந்தவையே அதிகம் மடிந்தன. இரை எடுக்காத காலத்தில் வெப்பம் கூடினால் உடல் இயக்கமும் கூடி, சேமித்து வைத்த கொழுப்பு தீர்ந்துபோகிறது.

நிலவன்:
அப்படியானால் ஆர்க்டிக்கிலும் மிதமான குளிர்காலம் கேடுதானா?

தென்முனை:
பல இடங்களில் ஆம், ஆனால் வேறு வழியில். நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் நடுக்குளிர்காலத்தில் மழை பெய்தால், அந்த நீர் பனிக்கடியில் இறங்கித் தரையோடு கெட்டிப் பனிக்கட்டியாக உறைந்துவிடுகிறது. பஞ்சுபோன்ற பனிப்போர்வையின் கீழ் பிழைத்திருக்கும் ஸ்பிரிங்டெயில்கள், இந்தக் கட்டிக்குள் அகப்பட்டால் பெருமளவில் மடிகின்றன.