ஃபுட் பிளாட்டுக்கு "மான்புனம்"னு வச்சா என்ன?

எல்லாருக்கும் வணக்கம். ஃபுட் பிளாட்னா வேட்டைக்காரங்க மான் வந்து மேயட்டும்னு பயிர் விதைச்சு விடுற நிலம். அதுக்குத் தமிழ்ல இதுவரைக்கும் வந்தது மூணு சொல்லு, உணவுத் திட்டு, தீவனப் பாத்தி, இரைநிலம். (நான் சும்மா மொழிபெயர்ப்பு மெஷின்ல போட்டுப் பார்த்தேன், பிளாட்னா சதின்னும் அர்த்தம் இருக்கே, "உணவுச் சதி"ன்னு குடுத்துச்சு. மானுக்கு எதிரான சதிதானே, ஒரு வகையில சரிதான்.)

பாத்தின்னா எனக்கு கொல்லையில கீரை போடுற அளவுதான் கண்ணுல வருது. அமெரிக்காவுல சொந்த வேட்டை நிலம் வச்சிருக்கவங்க ஏக்கர் கணக்குல போடுறாங்க, சோயாவ சின்ன எடத்துல போட்டா ரெண்டு இலை விடுறதுக்குள்ள வெள்ளைவால் மான் வந்து மொட்டையடிச்சிட்டுப் போயிரும். திட்டுன்னா மணல்திட்டு ஞாபகம் வருது, அதுவும் ஒட்டல.

இரைநிலம் வேணவே வேணாம். இரைன்னா தூண்டில்ல கோக்குறது. அங்க சட்டமே இந்த எடத்துலதான் கோடு போடுது, மக்காச்சோளத்த மூட்டையா கொட்டிட்டு அதத் திங்க வர்ற மானைச் சுடுறது பல மாநிலத்துல குத்தம், மிச்சிகன் கீழ்த் தீபகற்பத்துல 2019-ல தடை போட்டாங்க, ஒரே குவியல்ல எல்லா மானும் வாய வச்சா உடம்பு உருகிச் சாகுற க்ரானிக் வேஸ்டிங் நோய் (CWD) பரவிரும்னு பயம். ஆனா உழுது விதைச்சு வளந்து நிக்கிற பயிரு பக்கத்துல உக்காந்து சுட்டா பொதுவா அது இரை கணக்குல வராது. அப்ப நம்ம சொல்லுல விதைப்பு இருக்கணும், கொட்டுறது இருக்கக் கூடாது.

அதான் புனம்னு சொல்றேன். தினைப்புனம் தெரியாதவங்க யாரு? வள்ளி பரண்ல நின்னு ஆலோலம் பாடி பறவைங்கள விரட்டுனா, இந்த அமெரிக்க வேட்டைக்காரங்க குளோவர், ஓட்ஸ், டர்னிப் எல்லாம் விதைச்சு வா வான்னு கூப்பிட்டுட்டு பரண்ல சத்தமில்லாம துப்பாக்கியோட உக்காந்திருக்காங்க. மரத்துல கட்டி வேட்டைக்கு உக்காருற ட்ரீ ஸ்டாண்டுக்கு பரண்ங்கிற சொல்லும் அப்படியே கூட வந்துருது பாருங்க, தனியா உருவாக்க வேண்டியதில்ல.

புறநானூறு 320-ல "பார்வை மடப்பிணை" வருதே, மத்த மானைப் பிடிக்க வேடன் பழக்கி வச்சிருக்கிற பெட்டை மான், அத வச்சு "பார்வைப் புனம்"னு யோசிச்சேன். அழகாத்தான் இருக்கு, ஆனா இன்னைக்குப் படிக்கிறவன் வியூ பாயிண்ட்னு நெனச்சுக்குவான். அதனால மான்புனம். வருஷம் முழுக்க சத்துக்குப் போடுறது தீவனப்புனம், காட்டோரமா சின்னதா சுடுறதுக்குன்னே போடுறது வேட்டைப்புனம்.

பயிர்ப் பேருல ஒரு எச்சரிக்கை. தெற்கு மாநிலங்கள்ல மானுக்குன்னு விக்கிற விதைப் பையில "லேப்லேப்"னு போட்டிருக்கும், அத அப்படியே எழுதிராதீங்க. கொடியும் மூணு மூணா இலையும் பார்த்தாலே தெரியும், நம்ம மொச்சைதான். அதே மாதிரி கௌபீ வந்தா தட்டைப்பயறு.

ஒண்ணு மட்டும் எனக்கு மாட்டிக்கிச்சு. மான் எவ்ளோ மேயுதுன்னு பாக்க புனத்துக்கு நடுவுல ஒரு கம்பிவலை வளையம் (எக்ஸ்க்லூஷன் கேஜ்) வைப்பாங்க, உள்ள குளோவர் முழங்கால் உயரம் நிக்கும், வெளிய தரையோட தரையா இருக்கும். "விலக்குக் கூண்டு"ன்னு எழுதி வச்சிருக்கேன், ஆனா கூண்டுன்னா மானை உள்ள அடைச்ச மாதிரி ஆயிருது. வேற யாருக்காவது தோணுதா?