ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களைக் கூட்டமாகப் படிப்பிக்கலாமா?

உப்புவெளி_ஆங்கிலம்
திருகோணமலையில் பல ரியூசன் வகுப்புகளில் இன்னும் அகரவரிசைப் பட்டியலைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். சாதாரணதரப் பிள்ளைக்கு அதைவிட முன்னொட்டு (சொல்லின் தலையில் ஒட்டும் துண்டு) வாரியாகக் கொடுப்பது நல்லது. ஐ, என் (in) என்று தொடங்கினால் 'இல்லை'. அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து அது உருமாறும்: பி, எம் வந்தால் 'இம்' (இம்பொசிபிள், இம்மச்சூர்), எல் வந்தால் 'இல்' (இல்லீகல்), ஆர் வந்தால் 'இர்' (இர்ரெகுலர்). 'அன்' மட்டும் எதன் முன்னும் மாறாது: அன்பொப்புலர், அன்லோஃபுல், அன்ரியல். இது நம் பிள்ளைகளுக்குப் புதிதும் இல்லை. நியாயம், அநியாயம் தெரியும். உயிரெழுத்து வந்தால் அவசியம் 'அனாவசியம்' ஆவதும் தெரியும்.

சீனன்குடா_வாசகர்
அண்ணை, எண்ணெய்ப் பவுசரில் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருந்தால் உங்கள் விதிப்படி அது தீப்பிடிக்காத சரக்கு. உண்மையில் உடனே பற்றும் சரக்கு. லத்தீனில் இரண்டு 'இன்' உண்டு, ஒன்று 'இல்லை', மற்றது 'உள்ளே'. இந்தச் சொல்லில் இருப்பது இரண்டாவது. இதே குழப்பத்துக்குப் பயந்துதான் அமெரிக்காவின் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கம் 1920களில் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதும்படி வலியுறுத்தியது.

இதோடு நிற்கவில்லை. 'இன்ஹபிட்டபிள்' என்றால் குடியிருக்கத்தக்கது. குடியிருக்க முடியாததற்கு அதன் முன்னால் இன்னொரு 'அன்' போட வேண்டும். 'இன்வல்யூவபிள்' மதிப்பில்லாதது அல்ல, விலைமதிக்க முடியாதது. மரண அறிவித்தலில் வரும் 'இன்டர்மன்ட்' இன்டர்சிட்டி பஸ்ஸில் உள்ள 'இன்டர்' இல்லை. லத்தீனில் டெர்ரா என்றால் நிலம்; 'இன்' சேர்ந்தால் நிலத்துள் வைப்பது, அதாவது நல்லடக்கம்.

உப்புவெளி_ஆங்கிலம்
தம்பி, இதற்காக விதியையே தூக்கி எறிய வேண்டாம். இரண்டு சோதனை போதும். முதலில் முன்னொட்டை வெட்டி, மிச்சம் தனிச் சொல்லாக நிற்கிறதா பார்க்க வேண்டும். 'அங்கிள்' என்பதில் 'அன்' இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். பிறகு மிச்சத்தோடு 'இல்லை' சேர்த்து வசனத்தில் வைக்க வேண்டும். பொருள் இடித்தால் அது விலக்கு.

சீனன்குடா_வாசகர்
முதல் சோதனையில் உங்கள் பிள்ளை ஏமாறுவான். 'ஃப்ளேமபிள்', 'வல்யூவபிள்' இரண்டும் தனியே நிற்கும். இரண்டாவது சோதனைக்குப் பொருள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பிள்ளைக்குச் சோதனை எதற்கு?

உப்புவெளி_ஆங்கிலம்
பொருளை அந்தச் சொல்லிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை, பக்கத்துச் சொற்களிலிருந்து எடுக்கச் சொல்கிறேன். 'இந்தத் திரவம் இன்ஃப்ளேமபிள், நெருப்புக்கு அருகில் வைக்காதீர்கள்' என்ற வசனத்தில் 'தீப்பிடிக்காது' என்று வைத்தால் எச்சரிக்கைக்கே அர்த்தமில்லை. அடிக்கடி எதிர்ப்படும் விலக்குகள் சிலதான். நீங்கள் சொன்னவற்றோடு 'இன்ஃபேமஸ்' (கெட்ட பெயரெடுத்த) என்பதையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கலாம். ஆனால் வசனமில்லாத வெறும் பட்டியல் கொடுப்பதை நானும் ஏற்கவில்லை.

கிண்ணியா_ரீச்சர்
நீங்கள் இருவரும் 'இன்'னிலேயே நிற்கிறீர்கள். பிள்ளைகள் உண்மையில் விழும் இடம் 'ஆன்டி'. ஆங்கிலத்தில் ante, anti என்று இரண்டு முன்னொட்டு உண்டு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஈ-யில் முடிந்தால் 'முன்', ஐ-யில் முடிந்தால் 'எதிர்'. ஆஸ்பத்திரியில் 'ஆன்டிநேட்டல் கிளினிக்' என்றால் பிரசவத்துக்கு முந்திய, கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக். அதை ஐ போட்டு எழுதினால் பிறப்புக்கே எதிரான இடமாகிவிடும். ஆகவே கொப்பியில் இவற்றைத் தமிழ் உச்சரிப்பில் எழுதவே விடக்கூடாது, ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். 'ஆன்டிசிப்பேட்' மட்டும் ஐ போட்டு எழுதினாலும் 'முன்' வகை. முன்கூட்டியே எதிர்பார்ப்பது.

'ஹைப்பர்', 'ஹைப்போ' இன்னும் ஆபத்து. ஓ-வில் முடிந்தால் கீழே, ஆர்-இல் முடிந்தால் மேலே. ஹைப்போகிளைசீமியா என்றால் இரத்தத்தில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே (ஒரு டெசிலீற்றருக்கு) இறங்குவது. வியர்த்து, நடுங்கும். நினைவோடு இருப்பவருக்கு உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும். ஹைப்பர் என்று மாற்றி வாசித்தவர் அந்த இனிப்பைத் தடுத்துவிடுவார்.

இப்படி ஒத்த சோடிகளை ஒரே நாளில் கொடுக்கவே கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, எது எது என்று பிரியாமல் போகும். ஒன்று நன்றாகப் பதிந்து, பிள்ளை தானாக வசனம் எழுதத் தொடங்கிய பிறகு மற்றதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்க வேண்டும்.

சீனன்குடா_வாசகர்
ரீச்சர் சொன்னதைத்தான் நான் முழுப் பட்டியலுக்கும் சொல்கிறேன். முன்னொட்டே இல்லாமல் தலை ஒன்றாகவும் வால் வேறாகவும் வரும் சொற்களை யார் கவனிக்கிறார்கள்? 'கன்சிடரபிள்' கணிசமான, 'கன்சிடரேட்' பிறர்மேல் அக்கறையுள்ள. 'எக்கனொமிக்' பொருளாதாரம் சார்ந்த, 'எக்கனொமிக்கல்' சிக்கனமான. தமிழில் வந்தான், வந்தாள் என்று வால் மாறினாலும் வினை ஒன்றுதான். அந்தப் பழக்கத்தில் நம் பிள்ளை தலையைப் பார்த்ததும் ஒரே சொல் என்று முடிவெடுத்துவிடுகிறான்.

உப்புவெளி_ஆங்கிலம்
அந்த வகைக்கு முன்னொட்டு விதி உதவாது, சரி. அதற்கு இடைவெளி நிரப்பும் பயிற்சி கொடுங்கள்: ஒரு சொல்லுக்கு மூன்று வசனம், சோடியின் மற்றச் சொல்லையும் விடைத்தெரிவில் வைத்து. இம், இல், இர் விதியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். முன்பின் பார்த்திராத 'இர்ரெவலன்ட்' என்ற சொல்லைப் பரீட்சைத்தாளில் கண்டதும் 'ரெவலன்ட்' தெரிந்த பிள்ளை பொருளைப் பிடிப்பது அதனால்தான்.