மதர்போர்ட் எரிந்தால் விண்டோஸ் உரிமம் என்னவாகும்? மலையகத்து அனுபவங்கள்

ஹட்டனில் கணினி திருத்துபவர்

சித்திரை பிறந்தால் என் மேசையில் எரிந்த மதர்போர்ட்கள், அதாவது கணினியின் தாய்ப்பலகைகள், சேரத் தொடங்கிவிடும். காலையில் நல்ல வெயில் இருக்கும், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இடி. மின்கம்பி வழியாகவோ தொலைபேசிக் கம்பி வழியாகவோ இறங்கி, ரௌட்டரையும் கணினியையும் சேர்த்தே முடித்துவிடும். வன்தட்டு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். “படங்கள் எல்லாம் இருக்கின்றனவா?” என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். “காசு கொடுத்து வாங்கிய விண்டோஸை வேறு கணினிக்குக் கொண்டுபோகலாமா?” என்று கேட்பவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருக்குச் சரியான பதில் சொல்லும் கடைகளும் சிலதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

தலவாக்கலையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர் வந்தார். எரிந்த கணினியைச் சாக்கில் சுற்றி, விண்டோஸ் 10 புரோ பெட்டியைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உள்ளே உரிமத்துக்கான 25 எழுத்துக் கீ அச்சிட்ட அட்டையும் கடைப் பற்றுச்சீட்டும் பத்திரமாக இருந்தன. “தம்பி, இதற்கு அன்றைக்கே நிறையக் கொடுத்தேன். வீணாகிவிடுமா?” என்றார். வீணாகாது. பெட்டியில் வாங்கிய சில்லறை உரிமத்தை இன்னொரு கணினிக்கு மாற்றலாம், ஒரே நேரத்தில் ஒன்றில் மட்டும் இருக்க வேண்டும். பழையது எரிந்தே போய்விட்டதால் அந்தச் சிக்கலும் இல்லை.

எரிந்ததற்குப் பதிலாக அவர் வாங்கிவந்தது ஏதோ அலுவலகத்திலிருந்து கழித்துவிட்ட பாவித்த கணினி. அதில் அவருடைய கீயைப் போடுவதற்கு முன், போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயோஸுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். 2012இல் விண்டோஸ் 8 வந்தது முதல் பெரிய தயாரிப்பாளர்கள் கீயைப் போர்டிலேயே எழுதி அனுப்புகிறார்கள். விண்டோஸ் 7 காலத்தில் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கருக்குப் பதிலாக வந்த ஏற்பாடு இது. பார்த்தால், உள்ளே புரோ கீ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. விண்டோஸைப் புதிதாக நிறுவி, இணையத்தை இணைத்ததும் தானாகவே உரிமம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, “இதை வைத்திருங்கள் அண்ணே, பிறகு தேவைப்படும்” என்றேன். அவர் முகத்தில் பாதி சந்தோஷம், பாதி சந்தேகம். காசு கேட்காத திருத்துபவரை யார்தான் நம்புவார்கள்?

பிறகு அவர் படங்களைத் திருத்துவதற்கென்று பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ஒரு கணினி பொருத்திக்கொண்டு வந்தபோதுதான் பெட்டிக்கு வேலை வந்தது. கீயைக் கொடுத்ததும் ஏற்கவில்லை. வேறு கணினியில் பாவிக்கப்பட்டது என்ற பொருளில் பிழை காட்டியது. இந்த இடத்தில்தான் பலர் கீ செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தொடக்கப் பெட்டியில் எஸ்எல்யூஐ என்று தட்டி, இடைவெளி விட்டு 4 போட்டால் (slui 4) தொலைபேசியில் உரிமத்தை உறுதிசெய்யும் வழி அப்போது திறந்தது. நாட்டைத் தெரிவு செய்ததும் அழைக்க வேண்டிய எண்ணும், ஏழு ஏழாக ஒன்பது தொகுதிகளில் 63 இலக்கங்களும் திரையில் வந்தன. வெளியே தகரக் கூரையில் மழை கொட்டுகிறது, தொலைபேசியில் ஆங்கிலக் குரல் ஒவ்வொரு தொகுதியாகக் கேட்கிறது. அவர் திரையைப் பார்த்துத் தமிழில் வாசிக்க வாசிக்க நான் அழுத்தினேன். இடையில், இந்தப் பிரதி எத்தனை கணினிகளில் இருக்கிறது என்றொரு கேள்வி. ஒன்று என்றோம், அதுதான் உண்மை. திருப்பிச் சொன்ன 48 இலக்கங்களை ஆறு ஆறாக எழுதி எட்டுக் கட்டங்களில் நிரப்பியதும் வேலை முடிந்தது. விண்டோஸ் 10 புரோ கீதான், ஆனால் நாங்கள் நிறுவியிருந்தது 11 புரோ. அதையும் அது ஏற்றுக்கொண்டது.

கணினியோடு சேர்ந்து வரும் உரிமம் வேறு வகை. அது லயத்து அறை மாதிரி: வேலை இருக்கும்வரை அறை உங்களுடையது, வேறு தோட்டத்துக்குப் போகும்போது தோளில் தூக்கிக்கொண்டு போக முடியாது. கணினியை விற்றால் உரிமமும் வாங்குபவருடன் போகும். உத்தரவாதத்தின் கீழ் தயாரிப்பாளரே பழுதான போர்டை மாற்றிக் கொடுத்தால் உரிமம் தொடரும். மற்றபடி போர்ட் போனால் அதுவும் போயிற்று.

பண்டாரவளையிலிருந்து ஓர் ஆசிரியை

அந்த இரண்டாவது வகையில் மாட்டியவள் நான். என் மடிக்கணினியின் போர்ட் போய்விட்டது. திருத்தும் செலவைக் கேட்டபோது புதியது வாங்குவதே மேல் என்று தோன்றியது. விலை குறைவு என்பதற்காக இயங்குதளம் இல்லாத ஒன்றை வாங்கினேன். விற்ற கடையில், “பழையதில் உள்ள விண்டோஸை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக இதற்குக் கொண்டுவரலாம் மிஸ்” என்று சர்வசாதாரணமாகச் சொன்னார்கள். பாதி சரி. கணக்கில் நுழைந்து, அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்பதைத் தெரிவு செய்தால் பழைய மடிக்கணினியின் பெயர் பட்டியலில் வந்தது. அதைக் கண்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதி! அழுத்தினேன், மறுத்துவிட்டது. பட்டியலில் பெயர் வருவதும் உரிமம் நகர்வதும் இரு வேறு விடயங்கள் என்று விற்கும் முன் சொல்லியிருக்கலாம். அந்தக் கடைமேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மகன் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை நிறுவித் தந்தான். உரிமக் கேள்வியே அதில் கிடையாது. எனக்கிருந்த பயமெல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிவைத்த ஆண்டுக் கணக்கான வினாத்தாள்களைப் பற்றித்தான். எழுத்துருவை எடுத்து நிறுவியதும் லிப்ரே ஆபிஸில் அவை தமிழாகவே திறந்தன. சில பக்கங்களில் அட்டவணைக் கோடுகள் இடம் மாறியிருந்தன, ஒரு மாலை உட்கார்ந்து சரிசெய்தேன். புதிய வினாத்தாள்களை இப்போது யூனிகோடில்தான் தட்டுகிறேன்.

நுவரெலியாவில் விடுதியொன்றின் கணக்காளர்

எங்களுடையது சுருக்கமான கதை. 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிகிறது என்றதும் வரவேற்பு மேசைக்கும் கணக்கு அறைக்கும் புதிய கணினிகள் வாங்கினோம். முதலாளிக்குத் தெரிந்த ஒருவர் வாட்ஸப்பில் கீ அனுப்பினார், விலை ஒரு பகல் சாப்பாட்டுக் காசு. போட்டதும் வேலை செய்தது. சில மாதங்களில் திரையின் வலது மூலையில் விண்டோஸைச் செயற்படுத்துங்கள் என்ற மங்கலான எழுத்து வந்து நின்றது. பார்த்தால் அது ஏதோ ஒரு நிறுவனம் தன் கணினிகளுக்காக மொத்தமாக வாங்கிய கீ. அதை விற்க அவருக்கும் உரிமையில்லை, மாற்றிக்கொள்ள எங்களுக்கும் உரிமையில்லை. மென்பொருளும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்குள் வருகிறது என்று முதலாளியிடம் எடுத்துச் சொன்னேன். அதைவிட, வரவேற்பு மேசையில் வெளிநாட்டு விருந்தினர் அந்த எழுத்தை வாசித்ததுதான் அவருக்கு உறைத்தது. அடுத்த வாரமே முறையான உரிமம் வந்தது.

மீண்டும் ஹட்டனிலிருந்து

எந்த வகை என்று வாங்கும் முன்பே பார்ப்பது எப்படி என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். கட்டளைச் சாளரத்தைத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர், இடைவெளி, சாய்கோடு, டிஎல்ஐ (slmgr /dli) என்று கொடுங்கள். வரும் சிறு பெட்டியில் ரீடெயில், அதாவது சில்லறை, என்றிருந்தால் மாற்றலாம். ஓஇஎம் என்றிருந்தால் அது கணினியோடு சேர்ந்து வந்தது, அந்தக் கணினியோடு சரி. நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் வொல்யூம் வகை என்றிருந்து நீங்கள் ஒரு தனிநபர் என்றால், விற்றவரிடம் காசைத் திருப்பிக் கேளுங்கள்.

பழைய கணினி உயிரோடு இருந்தால், கைமாற்றும் முன் அதே கட்டளையில் டிஎல்ஐக்குப் பதிலாக யூபிகே (slmgr /upk) கொடுத்துக் கீயை நீக்கிவிடுங்கள். இது அந்தக் கணினியிலிருந்து மட்டும்தான் அழிக்கும், மைக்ரோசாஃப்டுக்கு எதையும் அறிவிக்காது. ஆகவே புதியதில் கீயை உடனே ஏற்காவிட்டால் பதறாதீர்கள்.

ஹோம், புரோ என்ற விண்டோஸ் பதிப்புகளைப் பற்றி இன்னொன்று. மடிக்கணினியின் பயோஸில் ஹோம் கீ இருந்தால், நிறுவும்போது எந்தப் பதிப்பு என்று கேட்காமலே ஹோம்தான் ஏறும். உங்களிடம் புரோ பெட்டி இருந்தால், ஏறி முடிந்த பிறகு அமைப்புகளில் கீயை மாற்றும் இடத்தில் கொடுங்கள்; அழித்துவிட்டு மறுபடி நிறுவத் தேவையில்லை. ஆசிரியை சொன்ன மைக்ரோசாஃப்ட் கணக்கு விடயத்திலும் கவனம்: கடையில் விண்டோஸ் போட்டுத் தரும்போது எந்த மின்னஞ்சலில் கணக்குத் திறந்தார்கள் என்றும் கேட்டு வாங்குங்கள். கடைப் பையனின் சொந்த மின்னஞ்சலில் உரிமம் தொங்கிக்கொண்டிருக்க, அந்தப் பையன் கட்டாருக்குப் போய்விட்டிருந்த கணினிகள் என்னிடம் வந்திருக்கின்றன.