பாட்டுப் படம், இனிப்பு, ஊர்: உங்களுடைய மூன்றையும் சொல்லுங்கள்

திருநெல்வேலி

பழைய பாட்டுப் படம் ஒன்று, இனிப்பு ஒன்று, ஊர் ஒன்று. உங்களுக்கு ரொம்பப் பிடித்த மூன்றையும் இங்கே சொல்லுங்கள். பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், அது யார் மூலம் வந்தது, எங்கே வைத்து வந்தது என்பதையும் எழுதினால் நன்றாக இருக்கும். இந்த மூன்றும் ஒருவருக்குத் தனித்தனியாகப் பிடித்துப்போவதில்லை என்பது என் எண்ணம். ஒன்றோடு ஒன்றாகத்தான் வந்து சேர்கின்றன.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். படம், 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’. அதன் கதையைக் கேட்டால் அதிகம் பேசமாட்டேன். ‘சிங்கார வேலனே தேவா’ பாட்டைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவேன். எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம், எஸ்.ஜானகியின் குரல், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். நாகஸ்வரம் கோயில் வெளிப்பிராகாரத்தில் நின்று ஊருக்கே கேட்கும்படி வாசிக்கிற வாத்தியம். அதன் எதிரில் ஒரு குரல் தாக்குப்பிடிப்பதே பெரிய காரியம். ஜானகி ஸ்வரத்துக்கு ஸ்வரம் பதில் சொல்லிக்கொண்டே போவார்.

இந்தப் பாட்டு எனக்கு ரயிலில்தான் கிடைத்தது. நெல்லையிலிருந்து செங்கோட்டை போகும் வண்டி சேரன்மகாதேவியைத் தாண்டினால் அடுத்து காருகுறிச்சியில் நிற்கும். அங்கே வண்டி நின்றபோது எதிர் சீட்டுப் பெரியவர், “தம்பி, இது யார் ஊர்னு தெரியுமாடே?” என்று கேட்டார். தெரியாது என்றேன். அவருக்கு வந்ததே ஒரு வேகம்! அருணாசலம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்றவர், கோயில் கொடையில் அவர் வாசிப்பைக் கேட்க வண்டி கட்டிக்கொண்டு போவோம், 1964-ல் போய்விட்டார், இன்னும் இருபது வருஷம் இருந்திருக்க வேண்டிய மனுஷன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் அந்தப் பாட்டை மெல்ல முணுமுணுத்தார். மகள் வீட்டுக்கு எடுத்துப்போன அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். அதுவரை எங்கள் ஊர் அல்வாவை நான் பெரிதாக நினைத்ததில்லை. வீட்டில் எப்போதும் இருக்கிற பண்டம்தானே!

சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலைப் பிழிந்து, தெளிய வைத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கை ஓயாமல் கிண்ட வேண்டும். சாமான் இவ்வளவுதான். மீதியெல்லாம் பொறுமையும் தாமிரபரணித் தண்ணீரும் என்பார்கள் எங்கள் ஊரில். நான் சொல்வேன், நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலக் கூட்டத்தில் நின்று, இலையில் சூடாக வாங்கித் தின்பதுதான் அல்வா. அட்டைப் பெட்டியில் போவது இரண்டாம் பட்சம்.

ஊர் எது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

மதுரை

அண்ணாச்சி, நீங்கள் சொல்வது எனக்கு அப்படியே பொருந்துகிறது. படம் ‘திருவிளையாடல்’ (1965). ஊர் மதுரை. இனிப்பு, புட்டு. ஜிகர்தண்டா என்று எழுதுவேன் என எல்லோரும் எதிர்பார்த்திருப்பீர்கள். பாதாம் பிசினும் நன்னாரியும் சுண்டக் காய்ச்சிய பாலும் சேர்ந்த அந்த டம்ளர் எனக்கும் பிடிக்கும்தான். ஆனாலும் புட்டுதான்.

ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதரின் திருவிளையாடல்களை இங்கே நாளுக்கு ஒன்றாக நடத்துவார்கள். வளையல் விற்றது, நரியைப் பரியாக்கியது, புட்டுக்கு மண் சுமந்தது, விறகு விற்றது என்று வரிசையாக நடக்கும். புட்டுத் திருவிழா அன்று சுவாமியும் அம்மனும் ஆரப்பாளையம் பக்கத்தில் இருக்கும் புட்டுத்தோப்புக்குப் போவார்கள். திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வந்து சேர்வார்கள். என் அப்பத்தா அன்று வீட்டிலும் புட்டு செய்வார். வறுத்த அரிசி மாவு, வெல்லப்பாகு, தேங்காய்த்துருவல், ஏலக்காய், நெய். பாகு ஒரு கொதி கூடினாலும் கட்டி தட்டிவிடும் என்று, அடுப்படிக்குள் யாரையும் பேசவிடமாட்டார். “வந்திக்கிழவி கூலியாக் கொடுத்தது உதிர்ந்த புட்டுத்தாண்டி, அதனால உதிரியாத்தான் இருக்கணும்” என்பார்.

அந்த நாட்களில்தான் எங்கள் தெருவில் திரை கட்டி ‘திருவிளையாடல்’ போடுவார்கள். புட்டுக்கு மண் சுமந்த கதை அந்தப் படத்தில் கிடையாது. விறகு விற்ற கதை உண்டு. ஹேமநாத பாகவதராக டி.எஸ்.பாலையா சபையில் உட்கார்ந்து, பாலமுரளிகிருஷ்ணா குரலில் ‘ஒரு நாள் போதுமா’ பாடும்போது தெருவே அசையாது. பாணபத்திரராக வரும் டி.ஆர்.மகாலிங்கம் எங்கள் பக்கத்து சோழவந்தான்காரர் என்பதில் அப்பத்தாவுக்கு அப்படி ஒரு பெருமை. அப்புறம் சிவாஜி விறகு வெட்டியாக வந்து ‘பாட்டும் நானே’ பாடுவார். டி.எம்.எஸ். குரல், கௌரிமனோகரி ராகம். எல்லோரும் கைதட்டுவார்கள். அப்பத்தா மட்டும், “அந்த ஆளும் நல்லாத்தானே பாடினாரு, பாவம்” என்று ஹேமநாதருக்காக வருத்தப்படுவார். இசையை அப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஜெயித்தவர் யார் என்பதைத் தாண்டி, தோற்றவர் எப்படிப் பாடினார் என்றும் கேட்க வேண்டும்.

படத்தில் பார்த்த கதை, விறகு விற்ற லீலை அன்று அதே ஊரில் சாமியாகவே வீதியில் வரும். இதற்கு மேல் எனக்கு வேறு ஊர் பிடிக்குமா?

கோயம்புத்தூர்

எனக்கு நீங்கள் சொல்கிற கணக்கு ஒத்துவரவில்லைங்க. என்னுடைய மூன்றும் மூன்று திசை. படம் ‘காதலிக்க நேரமில்லை’ (1964), விஸ்வநாதன் ராமமூர்த்தி இசைக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். இனிப்பு தூத்துக்குடி மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மட்டும்தான். வாயில் போட்டதும் கரைந்து, முந்திரி மட்டும் நாக்கில் நிற்கும். எங்கள் ஊர் நெய் மைசூர்பாகை விட்டுவிட்டு இதைச் சொல்கிறேன் என்று வீட்டில் சண்டை. பிடித்த ஊர் திருச்சி. அங்கே படித்தேன், காவிரிப் பாலத்தில் சாயங்காலம் நடந்தேன், அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

சென்னை

எங்கள் வீட்டில் இது பெரிய விவாதம். அப்பாவுக்கு ‘ஹரிதாஸ்’, எனக்கு ‘மீரா’.

‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு பிராட்வே தியேட்டரில் வந்து, 1946 தீபாவளியையும் அங்கேயே பார்த்த படம். ஓடிக்கொண்டிருக்கும்போதே தியாகராஜ பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகிவிட்டார். கதாநாயகன் சிறையில், அவர் பாட்டு தியேட்டரில். 1947-ல் விடுதலையாகி வந்தார், ஆனால் பழைய நாட்கள் திரும்பவில்லை. ‘மன்மத லீலையை’ பாட்டைப் போட்டால் அப்பா இன்றும் இதைச் சொல்லிக் கண்கலங்குவார். அவருக்கு அந்தப் பாட்டை அறிமுகப்படுத்தியவர் என் தாத்தா. பிராட்வேயில் வேலை முடிந்ததும் படத்துக்குப் போய்விட்டு, தங்கசாலைத் தெருவில் ஜிலேபி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாராம்.

என் கட்சி 1945-ன் ‘மீரா’. எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கியது. எஸ்.வி.வெங்கட்ராமன் இசை, கல்கி எழுதிய ‘காற்றினிலே வரும் கீதம்’, எம்.எஸ்.சுப்புலட்சுமி குரல். பாகவதர் பாடும்போது அவரைப் பார்க்கத் தோன்றுகிறது. எம்.எஸ். பாடும்போது கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. இதைச் சொன்னால் அப்பா, “கண்ணை மூடிக்கொள்வதற்கு எதற்குப் படம், ரேடியோ போதுமே” என்பார். எங்களுக்குள் இது தீராது.

இனிப்பில் மட்டும் சண்டை இல்லை. சௌகார்பேட்டையில் சாயங்காலம் சுடச்சுட எடுக்கிற ஜிலேபி, இரண்டு பேருக்கும். ஊர் என்றால் முழுச் சென்னை இல்லை. ஜார்ஜ் டவுனின் அந்த நாலைந்து தெருக்கள்.

திருவையாறு

நான் தவில்காரர் வீட்டுப் பிள்ளை. எனக்கு ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) தவிர வேறு எந்தப் படத்தைச் சொல்ல முடியும்? கதை சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் திருவாரூர் மோகனாம்பாளுக்கும் நடப்பது. இரண்டு ஊரும் எங்களுக்குத் தெரிந்த ஊர்கள். சிவாஜிக்காக நாகஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இசை கே.வி.மகாதேவன். ‘நலந்தானா’ வரும்போது எல்லோரும் பத்மினி முகத்தைப் பார்ப்பார்கள். என் அப்பா தவில்காரராக வரும் பாலையாவின் கையைத்தான் பார்ப்பார். தவில் பிடித்தவர்களுக்கு அது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கம்பு பிடித்து வாசிப்பதை நடிகர் ஒருவர் செய்தால் எங்கே பிசகுகிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அப்பா பார்த்துவிட்டு, “நல்லாத்தான் உழைச்சிருக்கார்” என்று சொன்னார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

இனிப்பு அசோகா. பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, கோதுமை மாவை நெய்யில் வறுத்து, சர்க்கரை சேர்த்துக் கிளறுவது. எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் இலையில் முதலில் விழும். பருப்பு குழைய வேண்டும், ஆனால் அல்வா மாதிரி இழுக்கக் கூடாது. நெல்லைக்காரர் மன்னிக்க வேண்டும், எனக்கு அல்வாவைவிட இது ஒரு படி மேல். அல்வாவில் நெய் முன்னால் நிற்கிறது. அசோகாவில் பருப்பின் மணம் முன்னால் நிற்கிறது.

தை மாதத்தில் தியாகராஜர் ஆராதனை. பகுள பஞ்சமி அன்று காவிரிக் கரையில் வித்வான்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடுவார்கள். ஐந்து ராகத்தில் ஐந்து கீர்த்தனை: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. பெரிய பெயர், சின்னப் பெயர் என்ற வித்தியாசம் அந்த நேரத்துக்கு இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது அங்கே ஒரு வெளியூர் அம்மா, என் அப்பாவின் தவிலைப் பார்த்துவிட்டு, “தில்லானா மோகனாம்பாள் படத்தில் வருவது மாதிரி வாசிப்பீர்களா?” என்று கேட்டார். அப்பாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்து வாசித்தே காட்டினார். அந்த அம்மாவைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் அசோகாவும் வாங்கிக்கொடுத்தார்.

யாழ்ப்பாணம்

தவில்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எங்கள் ஊர் சார்பில் ஒரு வணக்கம். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைப் பற்றி உங்கள் அப்பா கட்டாயம் சொல்லியிருப்பார். காருகுறிச்சியாருக்கும் அவர் வாசித்தவர். ஆகவே என் படமும் நீங்களும் நெல்லைக்காரரும் சொன்ன இரண்டில் ஒன்றுதான்: ‘தில்லானா மோகனாம்பாள்’. பாட்டுகள் எனக்கு முதலில் வந்தது தியேட்டரில் அல்ல, இலங்கை வானொலியில். அம்மம்மா சமைக்கிற இடத்தில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும்.

இனிப்பு பனங்காய்ப் பணியாரம். நன்றாகப் பழுத்த பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்து, மாவும் சீனியும் சேர்த்து, உருட்டி எண்ணெயில் பொரிப்பது. பழத்தின் கசப்பு போகும்படி களியைக் காய்ச்சி எடுப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. பனம்பழம் விழுகிற காலமும் நல்லூர்த் திருவிழாக் காலமும் அநேகமாக ஒன்றாக வரும். 25 நாள் திருவிழா. வீதியில் நாகஸ்வரம், வீட்டில் பணியாரம். ஊர் விட்டு வந்து பல வருடமாகிவிட்டது. இங்கே எந்தக் கடையிலும் அந்த மணம் கிடைக்கவில்லை.

திருநெல்வேலி

எல்லோருக்கும் நன்றி. எழுதியதை எல்லாம் ஒருசேரப் படித்தபோது எனக்கு இரண்டு விஷயம் பட்டது.

ஒன்று, பாலையா. மதுரை அக்கா சொன்ன ஹேமநாதர் அவர். திருவையாற்றுக்காரர் சொன்ன தவில் வித்வான் அவர். கோவை நண்பருடைய ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்ல முகம் வெளிறுகிற அப்பாவும் அவர்தான். அந்த பாலையா எங்கள் நெல்லைச் சீமைக்காரர். இரண்டாவது ஆபேரி. ‘சிங்கார வேலனே’ அந்த ராகம்தான். ‘தில்லானா’வில் சகோதரர்கள் வாசிக்கிற தியாகராஜரின் ‘நகுமோமு’வையும் இன்று பாடுவது ஆபேரியில்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஒரே ராகத்தில் இரண்டு விதமான நாகஸ்வரம் கிடைக்கும். எனக்குக் காருகுறிச்சியார் ஒரு பிடி கூடுதல்.

கோவை நண்பரே, உங்கள் மூன்றும் மூன்று திசை என்றீர்கள். ‘காதலிக்க நேரமில்லை’யை எடுத்தது பொள்ளாச்சி பக்கம் ஆழியாறில். உங்கள் வீட்டுப் பக்கம்தான்!

கோயம்புத்தூர்

அது தெரியுமுங்க. ஆழியாறுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் படத்துப் பாட்டுதான் வண்டியில் ஓடும். ஆனால் மக்ரூன் விஷயத்தில் விட்டுக்கொடுக்கமாட்டேன். அதை எனக்குக் கொடுத்தது திருச்சி ஹாஸ்டலில் என்னோடு இருந்த தூத்துக்குடிப் பையன்.

மதுரை

அப்போது இரண்டு திசை ஒன்றாகிவிட்டதே! அண்ணாச்சி, ஒரு உதவி. அடுத்த வாரம் அங்கே வருகிறேன், அப்பத்தாவுக்கு அல்வா வாங்கி வரவேண்டும். எத்தனை நாள் தாங்கும்?

திருநெல்வேலி

நெய் சரியாக விட்ட அல்வா ஒரு வாரம் வெளியிலேயே இருக்கும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், இறுகிவிடும். ஈரக் கையோ ஈரக் கரண்டியோ படாமல் எடுக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் கடை திறப்பதற்கு முன்பே வரிசையில் நின்றுவிட்டால் சீக்கிரம் கிடைக்கும்.