செக் பவர் யார் கையில்? ஊராட்சியில் உங்கள் அனுபவம்

முன்னாள் துணைத் தலைவர், சிவகங்கை மாவட்டம்:

2017 கோடை. முந்தின வருஷ மழை பொய்த்து ஊரே காய்ந்து கிடந்தது. எங்கள் தெரு போர் மோட்டாரில் காயில் போய்விட்டது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தானதால் ஊருக்குத் தலைவரே இல்லை. தலைவருக்குப் பதில் தனி அலுவலராக இருந்தவர் பிடிஓ, அதாவது ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர். தமிழ்நாட்டில் 12,500 சொச்சம் ஊராட்சி, 388 ஒன்றியம். கணக்குப் போட்டால் ஒருவர் தலையில் 30 ஊருக்கு மேல் விழுகிறது. அவரை மட்டும் குறைசொல்ல மனசு வரவில்லை.

ஊராட்சிச் செயலர் எழுதிக் கொடுத்து, ஓவர்சியர் வந்து பார்த்து, கையெழுத்தாகி மோட்டார் இறங்க 19 நாள். அதுவரை அம்மா வயக்காட்டு பம்புசெட்டிலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்தார். தலைவர் இருந்திருந்தால் ராத்திரியே கதவைத் தட்டியிருப்போம். கைக்காசைப் போட்டாவது மறுநாள் காயில் கட்டக் கொடுத்துவிட்டு, பிறகு பில் வைத்துக்கொள்வார்.

அந்த ஆத்திரத்தில்தான் 2019 டிசம்பரில் வார்டுக்கு நின்றேன். ஜெயித்துத் துணைத் தலைவரும் ஆனேன். செக்கில் தலைவரோடு நானும் கையெழுத்துப் போடணும். இனி எல்லாம் நம் கையில் என்று நினைத்தேன். 2021 அக்டோபர் 2 கிராமசபையில் சுடுகாட்டுப் பாதைக்குத் தீர்மானம் போட்டோம். மழைக்காலத்தில் பாடை தூக்குகிறவர்களுக்கு முழங்கால் வரை சேறு. கணக்கில் பணமும் இருந்தது. ஆனால் மத்திய அரசு தரும் 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான். மீதியில் அந்தப் பாதை அடங்காது. அடுத்தடுத்த கிராமசபைகளிலும் அதே தீர்மானம். ஒரு அப்பத்தா கைநாட்டு வைத்துவிட்டு மைவிரலை முந்தானையில் துடைத்தபடி கேட்டார்: "நான் போறதுக்குள்ள போட்ருவீகளா?"

உசிலம்பட்டிப் பக்கத்து ஆசிரியர்:

நீங்கள் சொல்வது அத்தனையும் நிஜம். ஆனாலும் கலெக்டரின் அதிகாரம் இல்லாமல் நடந்திருக்காத ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகள். 1996இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் எதிர்ப்பால் பத்து வருஷம் அந்த நாற்காலியில் யாரும் நிலைக்க முடியவில்லை. மனுத்தாக்கல் இருக்காது, மீறி ஜெயித்தவரும் உடனே ராஜினாமா செய்வார். 2006இல் அன்றைய மதுரை கலெக்டர் உதயச்சந்திரன் ஊர் ஊராக உட்கார்ந்து பேசித்தான் மதுரை மாவட்டத்து மூன்று ஊர்களிலும் தேர்தல் நடந்தது. ஊர்க்கூட்டம் சொல்வதுதான் முடிவு என்றால், அந்தக் கூட்டத்தில் யாரை உட்காரவே விடவில்லை என்றும் பார்க்கணும். 2021இல், நீங்கள் தீர்மானம் போட்ட அதே அக்டோபர் 2 அன்று, பாப்பாபட்டி கிராமசபைக்கு முதலமைச்சரே வந்தார். கூட்டத்தைப் பார்க்கையில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அந்தச் சுடுகாட்டுப் பாதை என்ன ஆச்சு?

முன்னாள் துணைத் தலைவர்:

ஐயா, நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஊர்களுக்கு அதிகாரம் வந்து நிற்கத்தான் வேண்டியிருந்தது.

பாதைக்கு நூறுநாள் வேலையில் மண் அடித்தோம், அவ்வளவுதான். 2025 ஜனவரி 5இல் எங்கள் பதவிக்காலம் முடிந்து, மறுபடி தனி அலுவலர். அப்பத்தாவை அந்த மண்பாதையில்தான் கொண்டுபோனோம். நல்லவேளை, அன்று மழை இல்லை. மோட்டார் நின்றால் டேங்க் ஆபரேட்டர் இன்னும் என் வீட்டுக்குத்தான் வருகிறார். செயலர் நம்பருக்குப் போன் போட்டுக் கொடுக்கிறேன்.