நிக்கலோடியன்: தமிழில் என்ன சொல்லலாம்? (கலைச்சொல் விவாதம்)

திருச்சி, திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். அமெரிக்கத் திரைப்பட வரலாறு குறித்த ஒரு பாடநூலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மூன்றாம் அத்தியாயத்தைக் கொடுத்தாக வேண்டும். அத்தியாயம் முழுக்க நிக்கலோடியன், நிக்கலோடியன் என்றே வருகிறது.

பொருள் இதுதான். 1905 ஜூன் 19 அன்று பிட்ஸ்பர்க்கில் ஸ்மித்ஃபீல்டு தெருவில் ஹாரி டேவிஸ், ஜான் ஹாரிஸ் என்ற இருவர் ஒரு கடையைக் காலிசெய்து, நூற்றுக்கும் குறைவான நாற்காலிகள் போட்டுப் படம் காட்டத் தொடங்கினார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு நிக்கல், அதாவது ஐந்து சென்ட். காலை எட்டு மணிக்குத் திறந்தால் நள்ளிரவு வரை ஓடும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அதே மாதிரிக் கொட்டகைகள் ஊர் ஊராகப் பரவி, 1908 வாக்கில் நாடு முழுவதும் எட்டாயிரம் அளவுக்கு இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

"திரையரங்கு" என்று போட்டால் பின்னால் வரும் பெரிய அரங்குகளோடு குழம்புகிறது. "மலிவுத் திரையரங்கு" என்றால் சொல்லாக நிற்கவில்லை. உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

சேலம், திங்கள் மதியம்

அன்புள்ள மகளுக்கு. இதற்குத் தயக்கமே வேண்டாம். ஐந்து என்பது ககரத்தின் முன் ஐங் ஆகும். ஐங்கரன், ஐங்குறுநூறு போல ஐங்காசு. ஓடியன் என்பது பாட்டுக்கான கூரையிட்ட அரங்கைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே "ஐங்காசு அரங்கம்". முடிந்தது.

அரங்கம் என்ற சொல்லை நாம் கடன் வாங்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் எழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் என்று அளவே தருகிறார். கோல் என்பது இருபத்துநான்கு விரல். மூன்று வகை எழினி, அதாவது திரைச்சீலை, சொல்கிறார். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்பதையும் சொல்கிறார். ஒளியும் நிழலும் எங்கே விழ வேண்டும் என்று அவ்வளவு காலத்துக்கு முன்பே யோசித்த மொழிக்கு ஒரு சினிமாச் சொல் கிடைக்காதா?

மதுரை, திங்கள் மாலை

ஐயா சொன்ன இலக்கணம் சரி. ஆனால் நான் கல்லூரியில் இதழியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள். ஐங்காசு அரங்கம் என்று கரும்பலகையில் எழுதினால், எந்தக் காசு, எந்த நாட்டுக் காசு என்று கேட்பார்கள். சரி, "ஐந்து சென்ட் அரங்கு" என்று போடலாமா என்றால், நம் ஊரில் சென்ட் என்றால் நிலம். அஞ்சு சென்டில் கட்டிய அரங்கு என்றுதான் முதலில் தோன்றும்.

என் கருத்து: நிக்கலோடியன் என்றே விட்டுவிடுங்கள். நி மொழிமுதலில் வரும், ககரம் இரட்டிக்கிறது, னகர ஒற்றில் முடிகிறது. தமிழ் வாய்க்கு ஒரு தடையும் இல்லை. வடசொல்லையே எழுத்தை மாற்றி எடுத்துக்கொள்ள வழி சொன்னவர் தொல்காப்பியர். தேர்வில் எழுதும் பிள்ளை இணையத்தில் தேட வேண்டும் அல்லவா? அதற்கு மூலச்சொல் கையில் இருக்கட்டும்.

சேலம், திங்கள் இரவு

அம்மா, அந்த மூலச்சொல்லே பொய் சொல்கிறது. நிக்கல் நாணயத்தில் நான்கில் மூன்று பங்கு செம்பு, ஒரு பங்குதான் நிக்கல். நிக்கல் என்ற பெயரோ ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் வைத்தது. செம்புத் தாது போலத் தெரிந்த கல்லிலிருந்து செம்பு வராதபோது, ஏதோ குட்டிச்சாத்தான் ஏமாற்றுகிறது என்று அதற்குச் செம்புச்சாத்தான் என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். அதன் மிச்சம்தான் நிக்கல். அதை ஏன் நம் பிள்ளைகள் சுமக்க வேண்டும்?

காசு நம்முடையது. ஆங்கிலத்தில் நம் பக்கத்துச் சிறு நாணயத்தைக் கேஷ் என்று எழுதியதே காசு என்ற சொல்லிலிருந்துதான். துட்டு என்று யாராவது சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அது டச்சு நாணயத்தின் பெயர். வேண்டாம்.

கோவை, செவ்வாய் காலை

எல்லோருக்கும் வணக்கம். நான் தமிழ் படித்தவன் இல்லை. டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவன். அந்த நினைவில் சொல்கிறேன்.

கொட்டகை என்று சொல்லுங்கள். நாங்கள் யாரும் அரங்கம் என்று சொன்னதில்லை. கொட்டாய்க்குப் போகிறேன் என்பதுதான் பேச்சு. மணலைக் குவித்து உட்கார்ந்து பார்ப்பார்கள். புரொஜெக்டர் அறைக்குத் தகரம் அடித்திருக்கும். உள்ளே இரண்டு கார்பன் குச்சிகளின் நுனியைச் சரியான இடைவெளியில் நிறுத்தி வைக்க வேண்டும். இடைவெளி கூடினால் திரை மங்கிவிடும், வெளியிலிருந்து விசில் பறக்கும். கை அந்தத் திருகிலேயே இருக்கும்.

அமெரிக்கக்காரர்கள் அந்தக் காலத்தில் ஓட்டியது நைட்ரேட் ஃபிலிம். பற்றினால் அணைக்க முடியாது. அதனால்தான் அங்கேயும் இரும்பு அறை கட்டச் சட்டம் போட்டார்கள். தீயைவிடப் பயம் பெரிது. 1911-இல் பிட்ஸ்பர்க் பக்கத்திலேயே கேனன்ஸ்பர்க் என்ற ஊரில், படம் ஓடும்போது யாரோ தீ என்று கத்த, மாடிப்படியில் நெரிசலாகி 26 பேர் இறந்தார்கள். அரங்கம் என்று சொன்னால் இந்த நெருக்கடி தெரியாது. கொட்டகை என்றால் தெரியும்.

இன்னொன்று. பிட்ஸ்பர்க்கில் திறந்த அதே 1905-இல்தான் எங்கள் சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து புரொஜெக்டரும் படங்களும் வாங்கி ஊர் ஊராகக் காட்டப் புறப்பட்டார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அங்கே கடைக்குள் போனது, இங்கே கூடாரத்தில் போனது. இரண்டும் கொட்டகைதான்.

பிட்ஸ்பர்க், செவ்வாய் இரவு

கோவை அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். கூடாரமும் கடையும் ஒன்றல்ல. இங்கே பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த வரலாற்றைக் கொஞ்சம் தோண்டியிருக்கிறேன்.

இது ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்பதில்தான் சொல் இருக்கிறது. நிக்கலோடியனுக்கு முன்பும் அமெரிக்கச் சிற்றூர்களில் படம் ஓடியது. நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனிலிருந்து பெர்ட் குக், ஃபேன்னி குக் தம்பதி 1904 முதல் சில ஆண்டுகள் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஆப்பரா ஹவுஸ் என்று அழைக்கப்பட்ட ஊர் மன்றங்களில் ஓரிரவு, ஈரிரவு காட்டினார்கள். படம் ஊருக்கு வருவது திருவிழா மாதிரி. நிக்கலோடியன் அதை மாற்றியது. படம் ஊரிலேயே, மளிகைக்கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் நடுவில், தினமும் இருந்தது. சந்தைக்கு வந்தவர் பையோடு உள்ளே போய் ஒரு ரீல் பார்த்துவிட்டு வரலாம். ஒரு ரீல் ஆயிரம் அடி, கால் மணி நேரம். பிட்ஸ்பர்க்கில் உருக்காலைகள் இரவு பகலாக ஓடின. ஷிப்டு முடிந்து எந்த நேரம் வந்தாலும் படம் ஓடிக்கொண்டிருக்கும்.

அதற்கு ஒரு காரணம் விநியோகம். முன்பெல்லாம் படச்சுருளை அடிக்கணக்கில் விலைக்கு வாங்க வேண்டும். ஒரே ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரே படத்தைக் காட்டினால் யார் வருவார்கள்? அதனால்தான் காட்டுகிறவர் ஊர் சுற்றினார். 1902-03 வாக்கில் படங்களை வாடகைக்கு விடும் நிலையங்கள் வந்தன. அப்புறம் சுருள் ஊர் சுற்றியது, ஆள் ஓரிடத்தில் உட்கார்ந்தார்.

பின்னாளில் யூனிவர்சல் படநிறுவனத்தைத் தொடங்கிய கார்ல் லெம்லியைப் பாருங்கள். விஸ்கான்சினில் ஆஷ்காஷ் என்ற ஊரில் துணிக்கடை மேலாளராக இருந்தவர். ஐந்து காசு, பத்துக் காசுக்குப் பொருள் விற்கும் கடை திறக்கத்தான் சிகாகோவுக்கு வந்தார். வழியில் நிக்கலோடியன் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். 1906 பிப்ரவரியில் கடைக்குப் பதிலாகக் கொட்டகை திறந்தார். அவர் கண்ணுக்கு அது கடைதான், விற்ற பொருள் மட்டும் வேறு. எங்களுக்கு வடமேற்கே நியூ காசிலில் வார்னர் சகோதரர்கள் தொடங்கிய கொட்டகைக்கு நாற்காலிகள் போதாமல், பக்கத்தில் ஈமச்சடங்கு நடத்துகிறவரிடம் இரவல் வாங்கினார்கள் என்று சொல்வார்கள். சாவு விழுந்தால் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே என் சொல் "கடையரங்கு". காசு மாறும். சில ஊர்களில் பத்து சென்ட்கூட வாங்கினார்கள். கடை மாறவில்லை.

சேலம், புதன் காலை

தம்பி, தகவல்கள் அருமை. ஆனால் கடை என்றால் தமிழில் இறுதி, கீழ் என்றும் பொருள். கடைநிலை, கடைக்கோடி, கடைசி. கடையரங்கு என்றால் தரம் கெட்ட அரங்கு அல்லது தெருவின் கடைசி அரங்கு. ஏழைத் தொழிலாளரும் புதிதாகக் குடியேறியவர்களும் போன இடத்துக்கு நாமே தாழ்ந்த பெயர் வைக்கலாமா?

கொட்டகையும் எனக்கு முழு நிம்மதி தரவில்லை. கோஷ்டம் என்ற வடசொல்லோடு சேர்ப்பவர்கள் உண்டு. கொட்டில், கொட்டாரம் என்று தமிழ் வேர் காண்பவர்களும் உண்டு. நான் இரண்டாம் கட்சி. ஆனாலும் கொட்டில் மாடு கட்டும் இடம்.

திருச்சி, புதன் மதியம்

ஐயா, அரங்கத்திலும் அந்தச் சிக்கல் இருக்கிறதே. நான் இருக்கும் ஊரில் அரங்கம் என்றால் முதலில் ஆற்றிடைக்குறை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருப்பதால்தான் திருவரங்கம். அதற்காக அரங்கத்தை நாடகத்துக்குச் சொல்லாமல் இருக்கிறோமா?

பிட்ஸ்பர்க் தம்பி சொன்ன விநியோக விஷயம் என் மூலநூலில் ஒரு வரியில் போய்விடுகிறது. இப்போதுதான் புரிந்தது, நன்றி. இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது, ஒரு முடிவுக்கு வர உதவுங்கள்.

யாழ்ப்பாணம், புதன் இரவு

தங்கச்சி, ஒரு சிறு விசயம். எங்கட பக்கத்தில் சினிமாத் தியேட்டரைப் படமாளிகை என்று எழுதுவது வழக்கம். நிக்கலோடியனுக்கு அது பொருந்தாது. ஆனால் அதற்குப் பிறகு வந்ததற்கு நன்றாகப் பொருந்தும். 1914-இல் நியூயார்க்கில் திறந்த ஸ்ட்ராண்ட் போன்ற மூவாயிரம் பேர் இருக்கக்கூடிய அரங்குகளை அவர்களே அரண்மனை என்றுதான் சொன்னார்கள். உங்கட அடுத்த அத்தியாயத்துக்குப் படமாளிகையை வைத்துக்கொண்டால், இந்த அத்தியாயத்துக்குக் கொட்டகை தானாக எதிர்ப்பக்கத்தில் நிற்கும். கொட்டகையிலிருந்து மாளிகைக்குப் போன கதை சொல்லிலேயே தெரியும்.

மதுரை, வியாழன் காலை

அண்ணை சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. கொட்டகை, மாளிகை என்று பிரித்தால் மாணவர்களுக்கு உடனே விளங்கும். முதல் முறை வருமிடத்தில் "நிக்கலோடியன் எனப்பட்ட காசுக்கொட்டகை" என்று எழுதிவிட்டு, அப்புறம் காசுக்கொட்டகை என்றே தொடருங்கள். ஐந்து என்ற எண் வேண்டாம். ஐந்து சென்ட் அன்றைய மாற்று விலையில் நம் இரண்டரை அணாவுக்குப் பக்கம். அதை அடிக்குறிப்பில் சொன்னால் போதும்.

ஒன்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தக் கொட்டகைகள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரை மாடியில் ஒதுக்கினார்கள் அல்லது உள்ளேயே விடவில்லை. அவர்களுக்கென்று தனிக் கொட்டகைகள் நடந்தன. யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து நுழையலாம் என்ற எண்ணத்தைச் சொல் கொடுத்துவிடக் கூடாது.

கோவை, வியாழன் மாலை

காசுக்கொட்டகைக்கு என் ஓட்டு. ரீல் மாற்றும் நேரத்தில் அங்கே கண்ணாடிச் சிலைடு போட்டுப் பெண்களைத் தொப்பியைக் கழற்றச் சொல்வார்கள், பாட்டு வரிகளைத் திரையில் காட்டிக் கூட்டத்தைப் பாட வைப்பார்கள் என்று படித்திருக்கிறேன். நாங்களும் சிலைடு போட்டிருக்கிறோம், உள்ளூர் ஜவுளிக்கடை விளம்பரம். கொட்டகைக்குக் கொட்டகை தெரியும்.

திருச்சி, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. நான்கு பேர் ஏற்றுக்கொண்டதால் காசுக்கொட்டகை என்று போட்டு நாளை அனுப்புகிறேன். ஐயாவின் ஐங்காசு அரங்கத்தைச் சொல்லடைவில் மாற்றுச் சொல்லாகச் சேர்த்திருக்கிறேன். தென்மாநிலங்கள் பற்றி மூலத்தில் இரண்டு பத்திகள் இருக்கின்றன, சுருக்காமல் மொழிபெயர்த்திருக்கிறேன்.

சேலம், வியாழன் நள்ளிரவு

சொல்லடைவில் சேர்த்ததற்கு நன்றி மகளே. காசுக்கொட்டகை என்று எழுதும்போது க் மிக வேண்டும். அச்சுக்கோப்பவர் விட்டுவிடுவார், மெய்ப்பு பார்க்கும்போது கவனித்துக்கொள்.

பிட்ஸ்பர்க், வெள்ளி காலை

அக்கா, அனுப்பிவிட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் பதிவுக்காக எழுதுகிறேன், எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. நம் ஆட்களுக்குக் கொட்டகை என்றால் ஊருக்கு வெளியே, கீற்றும் கம்பமும், இரவு ஆட்டம். இங்கே நடந்தது ஊருக்கு நட்டநடுவில், பகலில், கண்ணாடி முகப்பு வைத்த கடையில். நேற்று வேலை முடிந்து ஸ்மித்ஃபீல்டு தெருவில் நடந்து போனேன். இரு பக்கமும் கடைகள்தான். அடுத்த பதிப்பு வரும்போது கடையரங்கை இன்னொரு முறை எடுத்துப் பேசுவோம்.