சிஓஐ வரிசையில் 5% வித்தியாசம்: தட்டைச்சுருள் நத்தை ஒரே சிற்றினமா, இரண்டா?

மெல்லுடலி_முதுகலை:
முதுகலைத் திட்டப்பணிக்கு இண்டோபிளனார்பிஸ் எக்ஸஸ்டஸ் நத்தையை எடுத்திருக்கிறேன். ஏரியில் 4, நெல்வயல் வாய்க்காலில் 4. ஏரி நத்தையின் ஓடு தடிமன், 20 மி.மீ. வரை வளர்ந்தது. வயல் நத்தையின் ஓடு மெல்லியது, 11 மி.மீ.யைத் தாண்டவில்லை. சிற்றினங்களைப் பிரித்தறியப் பயன்படும் சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவைப் பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) பெருக்கினேன். எட்டில் ஐந்துக்குத்தான் ஜெல்லில் பட்டை வந்தது, அதுவும் மங்கல். வந்த வரிசைகளில் ஏரிக்கும் வயலுக்கும் நடுவே சுமார் 5% வித்தியாசம். ஓடும் வேறு, டிஎன்ஏவும் வேறு என்பதால் இரண்டு சிற்றினம் என்று எழுதலாமா? பட்டை மங்கலாக வருவதை எப்படிச் சரிசெய்வது?

ஆய்வகமேசை:
பட்டை பிரச்சினையை முதலில் முடித்துவிடுவோம். நத்தையின் கோழையில் உள்ள பல்சர்க்கரை டிஎன்ஏவோடு சேர்ந்தே வந்து, பிசிஆரில் டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் பாலிமரேஸ் நொதியை முடக்கும். இந்தக் குடும்பத்து நத்தைகளுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபினும் உண்டு, அதன் ஹீமும் பிசிஆருக்கு ஆகாது. டிஎன்ஏவின் தூய்மையை ஒளியால் அளக்கும் நானோடிராப் கருவியில் 260/280 அளவு 1.8 என்று அழகாகக் காட்டினாலும் 260/230 அளவு 1-க்குக் கீழே இருந்தால் பல்சர்க்கரையைச் சந்தேகப்படுங்கள்.

உயிருள்ள நத்தையை நேரே எத்தனாலில் போட்டால் அது உள்ளே சுருங்கிக்கொள்ளும், எத்தனால் தசைவரை போகாது, டிஎன்ஏ சிதையும். 70 டிகிரி வெந்நீரில் 30–45 விநாடி முக்கி, இடுக்கியால் உடலை ஓட்டிலிருந்து இழுத்தெடுத்து, 95% எத்தனாலில் வையுங்கள். மறுநாள் எத்தனாலை மாற்றவேண்டும். ஃபார்மலின் பக்கமே போகாதீர்கள். ஓட்டை அதே எண்ணிட்டுத் தனியாக வையுங்கள். ஓடு இல்லாத வரிசையை பிறகு யாரும் சரிபார்க்க முடியாது.

காலின் விளிம்பிலிருந்து 2 மி.மீ. துண்டு போதும். கோழையை டிஷ்யூ தாளில் ஒற்றி எடுங்கள். செரிமானச் சுரப்பியை வெட்டவே கூடாது: அங்கே தின்ற பாசியும் இருக்கும், ஒட்டுண்ணிப் புழுவும் இருக்கும். நத்தைக்குப் பதில் புழுவின் வரிசை வந்து நிற்கும். பல்சர்க்கரையைப் பிரிக்க உதவும் 2% சிடாப் கரைசலில் புரோட்டினேஸ்-கே சேர்த்து 60 டிகிரியில் 3 மணி நேரம், பிறகு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1) இரண்டு முறை. கிடைத்த டிஎன்ஏவை 1:10, 1:50 என இரண்டாக நீர்த்துப் போட்டுப் பாருங்கள். மங்கல் பட்டைக்கு டிஎன்ஏவைக் கூட்டுவதுதான் பலரும் செய்வது. தடுப்பான் இருக்கும்போது அது நிலைமையை மோசமாக்கும்.

25 மைக்ரோலிட்டர் கலவையில் எல்சிஓ1490, எச்சிஓ2198 பிரைமர்கள் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகள்) தலா 0.4 மைக்ரோமோலார், மெக்னீசியம் 2.5 மில்லிமோலார், தடுப்பான்களைப் பிடித்துவைக்கும் பிஎஸ்ஏ புரதம் மைக்ரோலிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம். இணைப்பு வெப்பநிலை 48 டிகிரி, 35 சுற்று. பிரைமரோடு சுமார் 710 காரம் நீளப் பட்டை வரும், பிரைமரை வெட்டினால் 658.

வரிசை வந்ததும் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியக் குறியீடு, அதாவது அட்டவணை 5. பொதுக் குறியீட்டில் போட்டால் டிஜிஏ எல்லாம் நிறுத்தக் குறியாகத் தெரிந்து வீணாகப் பயப்படுவீர்கள். அட்டவணை 5-லும் நடுவே நிறுத்தக் குறி வந்தால், உட்கருவுக்குள் குடியேறிய போலிப் பிரதியைப் பெருக்கியிருக்கிறீர்கள். அந்த வரிசையைத் தூக்கிப் போடுங்கள்.

கிளைவழி:
இப்போது 5%. 2–3% தாண்டினால் தனிச் சிற்றினம் என்ற வழக்கு பட்டாம்பூச்சி, பறவை ஆய்வுகளிலிருந்து பரவியது. நுரையீரல் நத்தைகளுக்கு அதை அப்படியே வைக்க முடியாது. ஐரோப்பியத் தோட்ட நத்தை செப்பியா நெமொராலிஸில் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே மைட்டோகாண்ட்ரிய வித்தியாசம் 10%-ஐத் தாண்டுகிறது. எதனால் 5% வந்தது என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை. உங்கள் நத்தையின் வாழ்க்கைமுறையில் தேடவேண்டும்.

இண்டோபிளனார்பிஸ் இருபால் உயிரி. துணை இல்லாவிட்டால் தற்கருவுறும். ஒற்றை நத்தை ஒரு வாய்க்காலில் விழுந்தாலே கூட்டம் உருவாகிவிடும். கோடையில் குட்டை வற்றும், சேற்றுக்குள் சில மட்டும் பிழைக்கும், மழைக்குப் பிறகு அந்தச் சிலவற்றின் வழித்தோன்றல்களே குட்டையை நிரப்பும். இப்படி ஆண்டுதோறும் நடந்தால் ஒவ்வொரு நீர்நிலையிலும் ஒன்றிரண்டு தாய்வழிதான் மிஞ்சும். பக்கத்துப் பக்கத்து நீர்நிலைகளுக்கு நடுவே பெரிய வித்தியாசம் தெரிய இதுவே போதும். ஆனால் வேறு பக்கமும் இருக்கிறது: இந்தப் பேரினத்தில் ஒரே சிற்றினம் என்று நெடுநாள் எழுதிவந்தாலும், தெற்காசிய, தென்கிழக்காசிய மாதிரிகளில் ஆழமாகப் பிரிந்த பல கிளைகள் தெரிந்திருக்கின்றன. ஆகவே உங்கள் கேள்வி நியாயமானது, ஐந்து வரிசைகள்தான் போதாது. ஏரிக்கும் வயலுக்கும் இடைப்பட்ட நீர்நிலைகள் உட்பட ஆறேழு இடங்கள், இடத்துக்கு 8–10 நத்தை எடுங்கள்.

ஓட்டைச் சாட்சியாக நிறுத்தும் முன் வளர்த்துப் பாருங்கள். தடிமனைச் சுண்ணாம்புச் சத்தும், அளவை நெருக்கடியும் உணவும் தீர்மானிக்கலாம். ஃபைசா நத்தைகளில் மீனின் வாடை நீரில் இருந்தாலே ஓடு உருண்டையாக வளரும், கிரேஃபிஷ் இருந்தால் நீளும். இரண்டு இடத்து நத்தைகளையும் ஒரே நீர், 26 டிகிரி, லிட்டருக்கு ஒரே எண்ணிக்கை என வைத்து வேகவைத்த கீரை கொடுங்கள். இரண்டாம் தலைமுறையை அளக்கவேண்டும், முதல் தலைமுறையில் தாயின் தாக்கம் இருக்கும். லிம்னியா நத்தையின் ஓடு எந்தப் பக்கம் சுழலும் என்பதையே தாயின் மரபணுதான் தீர்மானிக்கிறது, குட்டியின் மரபணு அல்ல. 1923-ல் ஸ்டர்ட்டவன்ட் சொன்ன விளக்கம் அது.

மெல்லுடலி_முதுகலை:
மிக்க நன்றி. உட்கரு டிஎன்ஏவிலுள்ள ஐடிஎஸ் என்ற பகுதியின் வரிசையும் எடுத்து, சிஓஐ, ஐடிஎஸ் இரண்டின் பரிணாம மரத்திலும் ஒரே பிரிவு வந்தால் போதுமா?

கிளைவழி:
பெரும்பாலான விலங்குகளுக்குப் போதும் என்பேன். கலந்து இனப்பெருக்கம் செய்யும் கூட்டத்தில் தாய்வழி மரபணுவும் உட்கரு மரபணுவும் தலைமுறைக்குத் தலைமுறை கலைந்து சேரும். ஒரே குளத்தில் வாழ்ந்தும் இரண்டும் கலையாமல் நின்றால் நடுவே தடை இருக்கிறது என்று பொருள். தற்கருவுறும் நத்தையில் இந்தத் தர்க்கம் ஆட்டம் காண்கிறது. கலப்பே அரிதானால், ஒரே சிற்றினத்துக்குள்ளும் எல்லா மரபணுக்களும் கட்டாக நகரும், எல்லா மரமும் ஒத்துப்போகும். ஆகவே முதலில் மைக்ரோசாட்டிலைட் (ஆளுக்கு ஆள் நீளம் மாறும் குறுந்தொடர் உட்கரு டிஎன்ஏ) போட்டு, இருவகை அல்லீல் கொண்ட நத்தைகள் எத்தனை என்று பாருங்கள். கணிசமாக இருந்து, ஆனால் இரு கிளைக்கும் நடுவே கலப்பினம் ஒன்றுகூட இல்லையென்றால் உங்கள் வாதம் உறுதி.

மரத்துக்கு வேர் வைக்கப் புலினஸ் பேரினத்தைச் சேருங்கள், இதற்கு நெருங்கிய உறவு அதுதான். மரம் வரையும் ஐக்யூ-ட்ரீ மென்பொருளின் விரைவு பூட்ஸ்ட்ராப்பில் (ஒவ்வொரு கிளைப் பிரிவும் எவ்வளவு நம்பகமானது என்று காட்டும் மதிப்பு) 95-க்குக் கீழே உள்ள கணுவை நம்பாதீர்கள். பழைய பூட்ஸ்ட்ராப்பின் 70 என்ற அளவு இங்கே பொருந்தாது. ஐடிஎஸ் வரைபடத்தில் ஓர் இடத்துக்குப் பிறகு எல்லாம் இரட்டை முகடாக வந்தால், நீளம் மாறுபட்ட இரண்டு பிரதிகள் இருக்கின்றன. மறுபக்கத்திலிருந்தும் வரிசைப்படுத்துங்கள்.

கால்நடை_ஒட்டுண்ணியியல்:
ஒரு சேர்க்கை. மாட்டுக்கு மூக்கடைப்பும் குறட்டையும் வரவைக்கும் ஒட்டுண்ணிப் புழு சிஸ்டோசோமா நாசேல், கூடவே ஸ்பிண்டேல், இண்டிகம் எல்லாம் இந்த நத்தை வழியாகத்தான் பரவுகின்றன. எந்தக் கிளை எந்தப் புழுவைத் தாங்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், கால்நடைத் துறைக்கு நேரடியாகப் பயன்படும். வெந்நீரில் போடும் முன் ஒவ்வொரு நத்தையையும் 10 மி.லி. குளோரின் இல்லாத நீரில் தனித்தனியாக, வெளிச்சத்தில் சில மணி நேரம் வையுங்கள். வால் நுனி பிளந்த செர்கேரியா (நத்தையிலிருந்து நீந்தி வெளிவரும் புழுவின் இளம் நிலை) வெளிவந்தால் நத்தையின் எண்ணோடு தனிக் குப்பியில் எத்தனாலில் சேமியுங்கள். வெறுங்கையால் அந்த நீரைத் தொடவேண்டாம். ஸ்பிண்டேல் செர்கேரியா தோலுக்குள் நுழைந்தாலே அரிப்பும் கொப்புளமும் வரும், நடவு வயலில் இறங்குபவர்களுக்கு வருவது போல. வாய்க்காலில் நத்தை எடுக்கும்போதும் ரப்பர் பூட்ஸும் நீளக் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.